வடக்கு ஆஸ்திரேலியாவில் குடும்ப மருத்துவப் பயிற்சி: பூர்வகுடி நோயாளிகளைப் பற்றி எனக்கு யாரும் சொல்லாதவை

இந்தியாவிலோ இலங்கையிலோ மருத்துவம் படித்துவிட்டு ஆஸ்திரேலியாவில் குடும்ப மருத்துவராக வர நினைக்கும் எல்லோருக்கும் 19ஏபி என்ற எண் தெரிந்திருக்கும். வெளிநாட்டில் படித்த மருத்துவர்கள் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு, மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதிகளில் மட்டுமே அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கு பில் போட முடியும் என்று சொல்லும் சட்டப்பிரிவு அது. அதனால்தான் நம்மவர்களில் பலர் சிட்னி, மெல்பர்ன் போன்ற நகரங்களை விட்டு வெகுதூரத்தில், பூர்வகுடிகளான அபாரிஜினல் மக்களும் டோரஸ் நீரிணைத் தீவு மக்களும் கணிசமாக வாழும் ஊர்களில் போய் உட்காருகிறோம். விசா, வாடகை, தேர்வுக் கட்டணம் பற்றியெல்லாம் வாட்ஸ்அப் குழுக்களில் ஓயாமல் பேசுகிறோம். ஆனால் நாம் பார்க்கப்போகும் நோயாளிகளிடம் எப்படிப் பழகுவது என்று அங்கே ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்குப் பின்னால் வருபவர்கள் நான் பட்ட பாட்டைப் படக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

தென் தமிழ்நாட்டில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்துவிட்டுக் கடல் கடந்தவள் நான். தேர்வுகளை முடித்து, மருத்துவமனைகளில் சில ஆண்டுகள் இருந்து, குடும்ப மருத்துவப் பயிற்சியில் சேர்ந்தபோது நார்தர்ன் டெரிட்டரியில் ஒரு சிறு நகரத்தின் தனியார் கிளினிக்கில் இடம் கிடைத்தது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தப் பிரதேசத்தில் நூற்றுக்கு 26 பேர் பூர்வகுடி மக்கள். எங்கள் ஊரில் அந்த விகிதம் அதைவிட அதிகம் என்பது காத்திருக்கும் அறையைப் பார்த்தாலே தெரியும். அவர்களைப் பற்றி எனக்குக் கிடைத்த தயாரிப்பு ஓர் இணையவழிப் பாடமும் அரை நாள் பட்டறையும்தான். ஆஸ்திரேலியாவில் 60,000 ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் வாழ்கிறார்கள், வெள்ளையர் வந்தபோது 250க்கும் மேற்பட்ட மொழிகள் இருந்தன, கண்ணுக்கு நேராக உற்றுப் பார்க்காதீர்கள், இறந்தவர் பெயரைச் சொல்லாதீர்கள். ஓவியங்கள் நிறைந்த படக்காட்சி, கடைசியில் பத்துக் கேள்விகள், சான்றிதழ். அவர்கள் சொன்னது எதுவும் பொய்யில்லை. ஆனால் திங்கட்கிழமை காலையில் ஆலோசனை அறைக்குள் நுழைந்தபோது அதில் எதுவும் கைகொடுக்கவில்லை.

ஆரம்ப வாரங்களில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அறுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி தன் பேரனை அழைத்து வந்தார். பையனுக்கு நான்கு வயது இருக்கும். முழங்காலிலும் கைகளிலும் சீழ் வைத்த புண்கள், விரலிடுக்குகளில் சிரங்கு. அந்தப் பகுதியில் தோல் புண் என்பது அலட்சியமாக விடக்கூடிய விஷயம் இல்லை. அதை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமித் தொற்று பின்னால் சிறுநீரகத்தையும் இதயத்தையும் பாதிக்கலாம். பாட்டி தானாகவே பையனின் சட்டைக் கையை மேலே சுருட்டி ஒவ்வொரு புண்ணாகக் காட்டினார். கணினித் திரையில் படிவம் திறந்திருந்தது. அது கேட்கச் சொன்ன வரிசையிலேயே கேட்டேன். இவனைப் பார்த்துக்கொள்வது யார்? வீட்டில் எத்தனை பேர் தூங்குகிறீர்கள்? இரண்டாவது கேள்வி முடிவதற்குள் பாட்டி சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்து மூடி, பையனைத் தூக்கி மடியில் இறுக்கிக்கொண்டார். அதன் பிறகு கேட்ட எல்லாவற்றுக்கும் ஒரே பதில், ஆமாம். பென்சிலின் ஊசியை எடுத்துக்கொண்டு நர்ஸ் வருவதற்குள் இருவரும் போய்விட்டார்கள். "காத்திருக்கவில்லை" என்று வரவேற்பறையில் பதிவு செய்து அடுத்தவரை அனுப்பினார்கள். என்னை மேற்பார்வை செய்த மருத்துவரிடம் சொன்னேன். "அவர்கள் அப்படித்தான், சொன்னபடி கேட்கமாட்டார்கள். மனதில் போட்டுக்கொள்ளாதே" என்றார்.

அப்படி எழுந்து போனவர்கள் அவர்கள் மட்டும் இல்லை. சிலர் பாதியில் எழுந்து போனார்கள். சிலர் தலையை ஆட்டிவிட்டு மருந்தை வாங்காமலே போனார்கள். மறுமுறை வரச் சொன்னவர்களில் பெரும்பாலோர் வரவில்லை. மாலையில் காரில் ஏறியதும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதிருக்கிறேன். ஊரில் ஒரு காலைப் புறநோயாளிப் பிரிவில் நூறு பேரைப் பார்த்த எனக்கு இங்கே பத்துப் பேருக்கு உதவ முடியவில்லையே என்ற ஆற்றாமை. மேற்பார்வையாளர் ஒருநாள் என் அறையில் உட்கார்ந்து கவனித்துவிட்டு, தகவல் தொடர்பு நன்று என்று குறித்துக் கொடுத்தார். அந்தத் தாளை வாங்கும்போது எனக்குக் கொஞ்சமும் மகிழ்ச்சி இல்லை. அன்று வந்திருந்த நோயாளிகளில் ஒருவரிடமாவது "இந்த டாக்டரிடம் மீண்டும் வருவீர்களா?" என்று யாரும் கேட்கவில்லை.

பணக் கணக்கையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தனியார் கிளினிக்கில் பயிற்சி மருத்துவருக்கு அடிப்படைச் சம்பளம் உண்டு. பில்லிங்கில் நமது பங்கு அதைவிட அதிகமானால் அந்தத் தொகை கிடைக்கும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருவர் என்று ஓடினால்தான் அந்தப் பங்கு உயரும். ஒருவரிடம் நாற்பது நிமிடம் உட்கார்ந்தால் நாம் அடிப்படைச் சம்பளத்தோடு நிற்கவேண்டும். கிளினிக் நிர்வாகியின் முகமும் மாறும். சக மருத்துவர்கள் சொன்னதை நம்பி நான் போட்டிருந்த கணக்கில் ஏறத்தாழ 18,000 டாலர் துண்டு விழுந்தது. பிறகு பயிற்சிப் பருவத்தின் நடுவில் வேறு ஊருக்கு மாறியதால் வீடு மாற்றும் செலவு, இரட்டை வாடகை என்று இன்னொரு 5,000 டாலர் போயிற்று. அந்தப் பருவம் முழுமையாகக் கணக்கில் சேராமல் பயிற்சி அரை ஆண்டு நீண்டது. ஊரில் கடன் வைத்துவிட்டு வந்திருப்பவர்களுக்கு இது சிறிய தொகை இல்லை. பணி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், நீண்ட ஆலோசனைகளுக்கு எவ்வளவு நேரம் தருவார்கள், அதனால் வருமானம் குறைந்தால் என்ன ஏற்பாடு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பாதீர்கள்.

இந்தச் சமயத்தில் எங்கள் தொகுதிப் பயிற்சி மருத்துவர்கள் எல்லோரும் ஒரு வகுப்பில் கூடினோம். கல்ச்சுரல் சேஃப்டி எனப்படும் பண்பாட்டுப் பாதுகாப்பு என்றால் என்னவென்று வகுப்பு நடத்தியவர் கேட்டார். மரியாதையாக நடப்பது என்றார் ஒருவர். அவர்களுடைய வழக்கங்களைத் தெரிந்துகொள்வது என்றார் மற்றொருவர். "நான் எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துகிறேன், என்னிடம் பாகுபாடு கிடையாது" என்று ஒரு நண்பர் சொன்னபோது பலர் தலையசைத்தார்கள். எல்லோரும் நல்லவர்கள், நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்கள். எனக்கு மட்டும் அந்தப் பாட்டி இழுத்து மூடிய சட்டைக் கை நினைவில் நின்றது. அவருக்கும் மற்றவர்களுக்குப் போலவே அதே பதினைந்து நிமிடம், அதே ஆங்கிலம், அதே படிவம்தான் கொடுக்கப்பட்டது. அவர் ஓடிப்போவதற்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஏன் என்பதற்கான பதிலை நானாகத் தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். 1910 முதல் 1970 வரை அபாரிஜினல் குழந்தைகள் பெற்றோரிடமிருந்து அரசாலும் மிஷன்களாலும் பிரித்து எடுக்கப்பட்டார்கள். பத்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை அப்படி எடுக்கப்பட்டிருக்கலாம் என்று 1997ல் வந்த தேசிய விசாரணை அறிக்கை மதிப்பிட்டது. பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2008 பிப்ரவரி 13 அன்று, நான் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்திருந்த காலம் அது. மேற்கு ஆஸ்திரேலியாவில் பால்வினை நோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்ட அபாரிஜினல் மக்களைச் சங்கிலி போட்டு இழுத்துச்சென்று பெர்னியர், டோர் தீவுகளில் 1908 முதல் 1919 வரை அடைத்து வைத்தார்கள். அந்த இடங்களுக்கும் மருத்துவமனை என்றுதான் பெயர். டார்வின் அருகே சேனல் தீவில் 1931ல் தொடங்கிய தொழுநோய் இல்லத்துக்குப் போன பலர் வீடு திரும்பவே இல்லை. இன்றும் நார்தர்ன் டெரிட்டரியில் ஒரு குழந்தைக்குத் தீங்கு நேர்கிறது என்று சந்தேகம் வந்தால் யாராக இருந்தாலும் அரசுக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது சட்டம். இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால், பையனைப் பார்த்துக்கொள்வது யார், வீட்டில் எத்தனை பேர் என்ற கேள்விகள் அறுபது வயதுப் பாட்டியின் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று விளங்கும். புதிதாக வருபவர்கள் நோய்களைப் படிப்பதற்கு முன் தாங்கள் போகும் ஊரின் இந்த வரலாற்றைப் படியுங்கள். எந்த மிஷன் அருகில் இருந்தது, எந்த மக்களின் நிலம் அது என்பது அந்த ஊர்க்காரர்களைக் கேட்டாலே தெரியும்.

நான் மாறிப்போனது பூர்வகுடிச் சமூகமே நிர்வாகக் குழு அமைத்து நடத்தும் ஒரு சுகாதார நிலையத்துக்கு. சிட்னியின் ரெட்ஃபெர்னில் 1971ல் தொடங்கிய முறை இது. நாடு முழுவதும் இப்போது 140க்கும் மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. அங்கே என்னோடு அறையில் இருந்தவர் ஒரு பூர்வகுடி சுகாதாரப் பணியாளர், ஐம்பதைக் கடந்தவர், ஊரே மரியாதையாக ஆன்ட்டி என்று அழைக்கும் பெண். அவர் சொல்லும்வரை நான் அவரை அப்படி அழைக்கவில்லை. சில வாரங்கள் கழித்து, "மகளே, நீயும் ஆன்ட்டி என்றே கூப்பிடு" என்றார். நான் அவரிடம் கற்றதைப் போல எந்தப் பேராசிரியரிடமும் கற்றதில்லை.

ஆன்ட்டி முதலில் என் நாற்காலியை மாற்றிப் போடச் சொன்னார். நோயாளிக்கு நேரெதிரே அமராமல் பக்கவாட்டில், இருவரும் ஒரே ஜன்னலைப் பார்ப்பதுபோல் அமரவேண்டும். கணினியைத் தொடுவதற்கு முன் நான் யார், எந்த ஊர், என் அம்மா அப்பா எங்கே இருக்கிறார்கள் என்று நான் சொல்லவேண்டும். அவர்கள் தங்கள் ஊரையும் உறவையும் சொல்வார்கள். "இந்தியாவா? கிரிக்கெட்டா?" என்று ஆரம்பிக்கும் பேச்சு மீன்பிடிப்பதில் போய் நிற்கும். அதற்குள் வலி எங்கே என்பதும் வந்துவிடும். கேள்வி கேட்டால் பதில் வரும்வரை காத்திருக்கவேண்டும். அந்த மௌனம் நமக்குத் தாங்காது, உடனே அடுத்த கேள்வியைப் போடுவோம். அவர் யோசித்துக்கொண்டிருக்கும் நேரம் அது. ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்காதீர்கள். ஆமாம், இல்லை என்று முடியும் கேள்விகளால் பயனில்லை. அதிகாரத்தில் இருப்பவரிடமிருந்து தப்பிக்க ஆமாம் சொல்வது அங்கே பல தலைமுறைகளாகப் பழகிப்போன தற்காப்பு. நீதிமன்றங்களும் இதைக் கவனத்தில் எடுத்துக்கொள்கின்றன. "இதை வீட்டில் போய் உங்கள் அக்காவிடம் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டால்தான் நாம் சொன்னது புரிந்ததா என்று தெரியும். ஆங்கிலம் அங்கே பலருக்கு மூன்றாவது நான்காவது மொழி. நார்தர்ன் டெரிட்டரி அரசுக்கென்று பூர்வகுடி மொழிபெயர்ப்பாளர் சேவை இருக்கிறது, தொலைபேசியிலும் கிடைப்பார்கள். முதல் கிளினிக்கில் அதன் எண் எந்தச் சுவரிலும் ஒட்டப்பட்டிருக்கவில்லை. போன முதல் நாளே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மொழிபெயர்ப்பாளர் அந்த நோயாளிக்கு என்ன உறவு என்று முதலில் விசாரியுங்கள். மாமியாரும் மருமகனும் ஒருவர் முன் ஒருவர் பேசவே கூடாது என்ற விலக்கு உறவு பல சமூகங்களில் இன்றும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

பெண் மருத்துவரான என்னிடம் இளைஞர்கள் சில உபாதைகளை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அது ஆண்களின் விஷயம். அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாமல், ஆண் பணியாளரிடம் அனுப்பிவிட்டு வெளியே நின்றேன், வேலை நடந்தது. ஊரில் ஒருவர் இறந்துவிட்டால் துக்கம் முடிய நாட்கள் ஆகும், வாரங்களும் ஆகும். அப்போது அப்பாயின்ட்மென்ட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். வராதவர் என்று சிவப்பில் குறிக்காமல் துக்கம் முடிந்ததும் தேடிப் போய்ப் பார்ப்பதுதான் அங்கே நடைமுறை.

இதெல்லாம் மென்மையான பண்பு சம்பந்தப்பட்ட விஷயம், சிகிச்சை வேறு என்று நினைப்பவர்களுக்காக ஓர் ஊசியைப் பற்றிச் சொல்கிறேன். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றுக்குப் பின் வந்து இதய வால்வைப் பாதிக்கும் ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைகளுக்கு 28 நாளுக்கு ஒருமுறை பென்சாத்தீன் பென்சிலின் போடவேண்டும், அதுவும் பல ஆண்டுகளுக்கு. கெட்டியான மருந்து, தடித்த ஊசி, உயிர்போகும் வலி. ஒரு மாதம் தவறினாலும் இதய வால்வுக்கு ஆபத்து. பள்ளிச் சிறுமி ஒருத்தி அதற்கு வந்தாள். ஆன்ட்டி மருந்துக் குழலைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருட்டிக்கொண்டே, அவளுடைய கால்பந்து அணியைப் பற்றி விசாரித்தார். குளிர் போனதும், "இன்றைக்கு எந்தப் பக்கம்?" என்றார். அவள் யோசித்து இடது பக்கத்தைத் தட்டிக் காட்டினாள். ஊசி மெல்ல மெல்ல இறங்கி முடியும்வரை யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. அடுத்த மாதமும் அவள் தானாகவே வந்தாள். குவீன்ஸ்லாந்தின் டூமட்ஜி என்ற ஊரில் 2019, 2020 ஆண்டுகளில் இதே ருமாட்டிக் இதய நோயால் மூன்று பெண்கள் இறந்தார்கள். அதைப் பற்றிய கொரோனர் (மரண விசாரணை அதிகாரி) அறிக்கை 2023ல் வெளியானது. பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவரும் அதைப் படிக்கவேண்டும் என்பேன். தடுக்கக்கூடிய ஒரு நோயில் இளம் உயிர்கள் எப்படிப் போகின்றன என்று அதில் பார்க்கலாம்.

பண்பாட்டுப் பாதுகாப்பு என்ற கருத்தை உருவாக்கியவர் நியூசிலாந்தின் மாவோரி நர்ஸ் இரிஹாபேட்டி ராம்ஸ்டன். பராமரிப்பு பாதுகாப்பாக இருந்ததா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அதைப் பெற்றவருக்கே உண்டு என்பது அவர் வைத்த அடிப்படை. ஆஸ்திரேலிய மருத்துவ ஒழுங்குமுறை அமைப்பும் இந்த வரையறையைத்தான் ஏற்றிருக்கிறது. 2022ல் சுகாதாரப் பணியாளர் சட்டத்திலேயே பண்பாட்டுப் பாதுகாப்பு சேர்க்கப்பட்டது. ஆகவே சான்றிதழ் வாங்கியவரோ மேற்பார்வையாளரோ தானாக அதை அறிவித்துக்கொள்ள முடியாது. ராம்ஸ்டன் கேட்டதில் கடினமான பகுதி மற்றவருடைய பண்பாட்டைப் படிப்பது இல்லை, மருத்துவர் தன்னுடைய பண்பாட்டையும் அதிகாரத்தையும் திரும்பிப் பார்ப்பது. நாமும் வெள்ளையரிடம் அடிமைப்பட்டிருந்தவர்கள், நிறத்திலும் நெருக்கம், அதனால் நம்மை எளிதில் நம்புவார்கள் என்று தமிழ் மருத்துவர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். முதல் ஐந்து நிமிடப் பேச்சுக்கு அது உதவும், உண்மைதான். ஆனால் நாம் வளர்ந்த புறநோயாளிப் பிரிவில் டாக்டர் அம்மா சொல்வார், நோயாளி கைகட்டிக் கேட்பார், எதிர்க்கேள்வி கேட்டால் அதட்டு விழும். அந்தத் தொனியை நாம் விமானத்தில் கூடவே கொண்டுவருகிறோம். இத்தனை தலைமுறையாக அதட்டப்பட்ட மக்களின் முன்னால் அது வெள்ளைக்காரத் தொனியிலிருந்து கொஞ்சமும் வேறாக ஒலிப்பதில்லை.

அவர்களை உதவி பெறுபவர்களாக மட்டும் பார்க்கும் பார்வையும் நம்மிடம் உண்டு. ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே 500 கிலோமீட்டருக்கும் அப்பால் கிண்டோர் என்ற ஊர். சிறுநீரகம் பழுதானவர்கள் டயாலிசிசுக்காக வீட்டையும் நிலத்தையும் விட்டு நகரத்தில் போய் வாடவேண்டியிருந்தது. 2000ல் அந்தப் பகுதி ஓவியர்கள் சேர்ந்து படங்களை வரைந்து சிட்னியில் ஏலம் விட்டு பத்து லட்சம் டாலருக்கும் மேல் திரட்டினார்கள். 2004ல் டயாலிசிஸ் இயந்திரம் கிண்டோருக்கே வந்துவிட்டது. இன்று பர்ப்பிள் ஹவுஸ் என்ற பெயரில் அது பல ஊர்களில் நடக்கிறது. அந்த மக்களுக்கு என்ன தேவை என்று அவர்களுக்குத் தெளிவாகத் தெரியும். மருத்துவர் அவர்களைக் கேட்டால் போதும்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது கிளினிக்கிடம் இவற்றைக் கேளுங்கள். பூர்வகுடிப் பணியாளர்கள் எத்தனை பேர், அவர்களில் ஒருவராவது என்னோடு அறையில் இருப்பாரா? பண்பாட்டு வழிகாட்டி என்று விளம்பரத்தில் போட்டிருக்கும் பதவியில் இப்போது ஆள் இருக்கிறாரா? என் முதல் கிளினிக்கில் அந்தப் பதவி காலியாகவே இருந்தது. அந்த வழிகாட்டிக்குச் சம்பளம் தருகிறார்களா, அல்லது வரவேற்பறையில் இருக்கும் பெண்ணின் தலையில் இலவசமாகக் கட்டுகிறார்களா? பூர்வகுடி மக்களுக்கென்று மெடிகேரில் உள்ள, 715 என்ற எண் கொண்ட ஆண்டு உடல்நலப் பரிசோதனைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார்கள்? இருபது நிமிடம் என்று பதில் வந்தால் அது வெறும் பில்லுக்காக நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். முடிந்தால் முதலில் போவதே சமூகம் நடத்தும் நிலையமாக இருக்கட்டும். அங்கே பெரும்பாலும் மாதச் சம்பளம், பில்லிங் பங்கை நம்பி ஓடவேண்டியதில்லை, மனிதரிடம் உட்கார நேரம் இருக்கும். இடங்கள் குறைவு, சீக்கிரம் நிரம்பிவிடும். ஆகவே முந்தைய பருவம் தொடங்கும்போதே அந்த நிலையத்தை நேரடியாக அழைத்துப் பேசுங்கள். நேர்காணலில் உங்கள் குடும்பத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள், படிப்பைப் பற்றிய கேள்விகள் கடைசியில்தான் வரும்.